ஆண்டுப் படுக்கை

எங்கப்பாவுக்கு அந்தப் பல் டாக்டரைக் கொன்றது யார் என்று தெரிந்தாக வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை. சொந்தக்காரர்கள் தலைமாட்டில் நின்று மூக்கை உறிஞ்சுவதெல்லாம் அவருக்குத் தொல்லை. இரண்டு நுரையீரலும் கையை விரித்துவிட்ட நேரத்தில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, என் கையைப் பிடித்து அவர் கேட்டது இது ஒன்றைத்தான்.

"கடைசி ரெண்டு எபிசோடு பாக்கி இருக்கும்மா. அதைப் பாக்காம நான் எப்படிப் போறது?"

அது ஒரு கொலைத் தொடர். ஒரு பல் டாக்டர் தன் நாற்காலியிலேயே வாயைத் திறந்தபடி செத்துக் கிடப்பார். அதிலிருந்து சீசன் சீசனாக ஊரில் இருக்கிற எல்லார் மேலும் சந்தேகம். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து லென்ஸ் மாட்டுகிறவள். கடை முடிந்து வந்ததும் அப்பாவும் நானும் உட்கார்ந்து ஒரு எபிசோடு பார்ப்போம். அப்பா லாரி எடை மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்தே எத்தனை மூட்டை மறைத்திருக்கிறான் என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார். இந்தத் தொடரிலும் அப்படித்தான்.

"மச்சினன்தான்டி. அவன் முழியே சரியில்லை. பல்லே தேய்க்காதவனுக்குப் பல் டாக்டர் வீட்டுல என்ன வேலை?"

டாக்டரிடம் சீட்டு எழுதுகிற ஒல்லிப் பெண்ணை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார். "பாவம், வாயில்லாப் பூச்சி. நீ சின்ன வயசுல இப்படித்தான் இருந்தே." நான் எப்போது வாயில்லாப் பூச்சியாக இருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அப்பா சொன்னால் சரி.

கடைசி இரண்டு எபிசோடு இருக்கும்போது அவருக்கு மூச்சு முட்டி, நெடுநாள் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். குழாயோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார்கள். வார்டுக்குள் போன் கூடாது, மெஷின் குழம்பும் என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். "நான் வீட்டுல பாத்துட்டு வந்து சொல்லட்டாப்பா?" என்று கேட்டதற்கு, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டித் திட்டினார்.

"சொன்னே, நாக்கை இழுத்து வெச்சு அறுத்துடுவேன். நீயும் பாக்கக் கூடாது. உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

பார்ப்பதில்லை என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் எதிரே ஒரு டிவி இருந்தது. நல்ல பெரிய டிவி. அதில் காலையிலிருந்து விளக்கு அணைக்கிற வரை இல்லத்தின் நிர்வாகி வந்து வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருப்பார். "வணக்கம். உங்கள் ஒவ்வொரு நொடியும் எங்களுக்கு விலைமதிப்பற்றது." பேசி முடித்ததும் மறுபடி வணக்கம். அப்பாவின் எதிர்க்கட்டிலில் இருந்த பெயிண்டர் தூக்கத்தில்கூடப் பதில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நர்ஸிடம் போனேன். "டிவிதான் இருக்கே சிஸ்டர். சந்தா கட்டினாப் போதுமே? நானே கட்டிடறேன்."

"தனியாளு கட்டக் கூடாதுக்கா. ஒருத்தருக்கு வந்தா இன்னொருத்தருக்கு ஏக்கம் வந்துடுமாம். மாடியில சந்தா ஒப்பீட்டுக் குழுன்னு ஒண்ணு இருக்கு. எது வாங்கறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும்."

"எப்பப் பண்ணுவாங்க?"

நர்ஸ் அப்பாவின் தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து "உஷ்" என்று ஒரு சத்தம் வந்தது. திறந்தால் கும்மிருட்டு. சுவர் முழுக்கத் திரை. காலை நீட்டிச் சாய்கிற சோபாக்கள். வறுகடலை வாசனை. நடுவில் நிர்வாகி. இவ்வளவு நாளாக டிவியில் பார்த்த முகம், அதனால் என் கை தானாக வணக்கம் வைத்தது. அவருக்கு வலப் பக்கம் மடியில் கால்குலேட்டரும் காலில் கம்பளிச் சாக்ஸுமாகக் கணக்கர். இடப் பக்கம் நடுநிலை உறுப்பினர் என்ற அம்மாள். எதைப் பார்த்தாலும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பதற்காகவே அந்த அம்மாளை நியமித்திருந்தார்கள். அவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திரையில் எங்கள் தொடர்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சீசன்.

"பேசாம உக்காருங்கம்மா. ஆய்வு நடக்குது" என்றார் கணக்கர்.

எபிசோடு முடிந்து விளக்குப் போட்டதும் விஷயத்தைச் சொன்னேன். நிர்வாகி பொறுமையான மனிதர். குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார்.

"சந்தையில எத்தனையோ சந்தா இருக்கு. பேர் சொன்னாப் பட்சபாதம் ஆயிடும். அதனால சிவப்பு, நீலம், பச்சைன்னு வெச்சிருக்கோம். குடுக்கற காசுக்கு எதுல மதிப்பு ஜாஸ்தின்னு பாக்கணும். எப்படிப் பாக்கறது? பாத்துத்தான் பாக்கணும்."

"எவ்வளவு பாத்திருக்கீங்க சார்?"

"சிவப்பு முழுசா முடிச்சாச்சு. நீலத்துல சமையல் நிகழ்ச்சி மட்டும் பாக்கி. ராத்திரியில அதைப் பாத்துட்டுக் கணக்கருக்கு நெஞ்செரிச்சல் வந்துடுச்சு. பச்சை இப்பத்தான் தொடங்கியிருக்கு."

"எங்கப்பாவுக்குப் பச்சைதான் சார் வேணும். இதே தொடர்தான். கடைசி ரெண்டே எபிசோடு."

நிர்வாகி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க ஒரு ஆளுக்காகக் கேக்கறீங்க. நாங்க எல்லாருக்காகவும் பாத்துக்கிட்டிருக்கோம். ஒரு தொடரைப் பாதியில விட்டுட்டு மதிப்புப் போட்டா அது நேர்மையா? கீழ இருக்கறவங்க நம்மை நம்பிப் படுத்திருக்காங்கம்மா. ஒரு எபிசோடு தாவ மாட்டோம். தொடக்கப் பாட்டைக்கூடத் தாவ மாட்டோம்."

"முன்கதைச் சுருக்கத்தையும் தாவ மாட்டோம்" என்றார் கணக்கர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

கடையில் நான் இரண்டு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பேன். ஆள் திணற ஆரம்பித்தால் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் மாற்றினால் நல்ல கண்ணுக்கும் ஒன்றும் புரியாது. இவர்களிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த எபிசோடு தொடங்கிவிட்டது, மூன்று பேரும் சேர்ந்து "உஷ்" என்றார்கள்.

பிறகு ஒரு நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரொம்ப நாள் தாங்காதும்மா" என்றார். விழுந்தடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். நான்காவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை கணக்கர் பேசினார். காத்திருந்தவர்போல முகமே மலர்ந்துவிட்டது.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு. மாசச் சந்தா, வருஷச் சந்தான்னு ரெண்டு இருக்கு. வருஷத்துக்குக் கட்டினா பாதிதான் ஆகும். ஆனா நோயாளி வருஷம் முழுக்கப் பாக்கணும் இல்லையா? நடுவுல போயிட்டா நஷ்டம் யாருக்கு?"

"எங்களுக்குத்தான் சார்."

"தப்பு. இல்லத்துக்கு." அவர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். "அதனால கட்டிலெல்லாம் பிரிக்கறோம். ஆண்டுப் படுக்கை, மாதப் படுக்கை, முன்னோட்டப் படுக்கை. டாக்டர் என்ன எழுதித் தர்றாரோ அதை வெச்சுப் பலகை மாட்டிடுவோம்."

"முன்னோட்டம்னா என்ன சார்?"

"புதுசா சேந்தா முதல் மாசம் இலவசமாக் குடுக்கறாங்களே, அது. அந்த ஒரு மாசத்துக்குள்ள முடிஞ்சுடறவங்களுக்குச் செலவே கிடையாது. மதிப்புன்னு பாத்தா அவங்களை அடிச்சுக்க ஆளே இல்லை."

நிர்வாகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்கதாம்மா இந்த இல்லத்தோட சொத்து."

மறுநாளே எல்லாக் கட்டிலிலும் பலகை தொங்கியது. பெயிண்டருக்கு ஆண்டு. அவர் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரர் ஆண்டாம்! குழுவே சொல்லிடுச்சு!" மூலைக்கட்டில் பையன்கள் தங்கள் அம்மாவுக்கு மாதம்தான் வந்தது என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனார்கள். எங்கப்பாவுக்கு முன்னோட்டம். அப்பாவுக்கு நாள் குறைவு என்று எழுதித் தொங்கவிட்டதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. இலவசம் என்றால் உடனே போட்டுவிடுவார்கள் இல்லையா? எவ்வளவு கேவலமாகப் போய்விட்டேன் பாருங்கள்.

டிவியில் வணக்கம் நிற்கவில்லை. மறுபடி மாடிக்குப் போனேன்.

"அதுல ஒரு சின்னச் சிக்கல்" என்றார் நிர்வாகி. "இலவச மாசம் ஒரு நிறுவனத்துக்கு ஒரு தடவைதான் குடுப்பாங்களாம். அதை நாங்க ஆய்வுக்குப் பயன்படுத்திட்டோம்."

"அப்ப முன்னோட்டப் படுக்கைக்கு?"

"வரவேற்புரை தொடரும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் பச்சை அவர்கள் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு கீழே வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தார்.

"அப்ப நம்மை ஆண்டுக்கு மாத்தச் சொல்லு."

டாக்டரைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு வருஷமா? இவரா? மனசாட்சி வேணாமாம்மா?"

"எழுதுங்க டாக்டர்" என்றார் அப்பா. "இருந்து காட்டறேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டு எழுதிக் கொடுத்தார். பலகை மாறியது. பெயிண்டர் மனைவி எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்துக் கையைக் குலுக்கினாள். அன்றைக்கு மத்தியானமே இரண்டு ஆட்கள் வந்து அப்பாவைப் புரட்டி, அடியிலிருந்த காற்று மெத்தையை உருவினார்கள்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க? முதுகெல்லாம் புண்ணு!"

"காத்து மெத்தை போகப்போறவங்களுக்குத்தான் அக்கா. ஆண்டுப் படுக்கைக்குச் சாதா மெத்தைதான். ஒரு வருஷம் இருக்கப்போறவருக்கு எதுக்கு?"

நான் கத்தினேன். மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன்கூட. அப்பாதான் தடுத்தார். "எடுத்துட்டுப் போகட்டும்டி. நான் என்ன முதுகாலயா பாக்கப் போறேன்?"

அதன் பிறகு தினமும் கடை முடிந்து வந்ததும் முதலில் மாடி ஏறி, திரையில் எத்தனையாவது சீசன் என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வருவேன். அப்பாவின் முதுகுக்கு மருந்து போடுவேன். குப்புறப் படுத்துக்கொண்டு, தலையணைக்குள்ளிருந்து கேட்பார்.

"எது வரைக்கும் வந்திருக்காங்க?"

"ஆறாவது சீசன்பா. போலீஸ்காரர் லிஃப்ட்டுல மாட்டிக்கறாரு."

"ஆ! இனிமே வேகமாப் போயிடும். இனிமே நிறுத்த மனசு வராது பாரு அவங்களுக்கு." மேலே உட்கார்ந்து கடலை தின்கிறவர்களுக்காக அவர் கட்சி கட்டிப் பேசினார். அவர்கள் சீக்கிரம் முடித்தால்தான் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கு விடுமுறை என்று தெரிந்து, அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை.

ஒரு சாயங்காலம் மாடிக் கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. மூன்று பேரும் கண் சிவந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தார்கள். நடுநிலை உறுப்பினர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுதும்மா" என்றார் நிர்வாகி. "பச்சைதான். சந்தேகமே இல்லை."

நான் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினேன். அப்பா சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. ஆனால் உடனே போட்டுவிட முடியுமா? தொடக்க விழா வேண்டாமா? நிர்வாகிக்குப் புதுக் கோட்டு தைத்து வர வேண்டியிருந்தது. கோட்டு தையல்கடையில் கிடந்த நேரத்தில் அப்பாவின் நகமெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. முன்னோட்டப் படுக்கைகளில் மூன்று அதற்குள் காலி.

விழாவை அப்பாவின் கட்டில் முன்னால்தான் வைத்தார்கள். பலகை புத்தம் புதிதாக இருந்ததால் போட்டோவுக்கு நன்றாக வருமாம். அப்பாவின் டிவிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. நான் அவரைத் தூக்கிச் சாய்த்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிர்வாகி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அனைவருக்கும் வணக்கம்!"

"வணக்கம்" என்றார் பெயிண்டர்.

"ஒரு சந்தா வாங்க இவ்வளவு காலமா என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் தூங்கவில்லை! இரவு பகலாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். சோபாவில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பே போய்விட்டது. அதை நான் யாரிடமாவது சொன்னேனா? இங்கே படுத்திருக்கிறவர்களுக்கு என்ன வலி தெரியும்! சில நோயாளிகள் முடிவு வரும்வரை பொறுக்காமல் போய்விட்டார்கள். அவர்களுடைய அவசரத்தைக் குழு மன்னிக்கிறது."

கைதட்டினார்கள். அப்பா என் கையைச் சுரண்டினார். "சீக்கிரம்..."

"பச்சைக்கு அப்படி என்ன மதிப்பு என்பீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். அந்தக் கடைசி எபிசோடு! டாக்டருக்குச் சீட்டு எழுதுகிற ஒல்லிப் பெண், யாருமே சந்தேகப்படாத பெண், அவர் வாயில் பஞ்சை வைத்து அடைத்துக் கொன்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுகிறாளே! அங்கே நம் நடுநிலை உறுப்பினரே தேம்பித் தேம்பி அழுதார். கொடுத்த காசுக்கு மதிப்பு என்றால் அது மதிப்பு!"

வார்டே கைதட்டியது. யார் எதற்குத் தட்டுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நிர்வாகியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணா?" என்றார்.

எனக்கும் இப்போதுதானே தெரியும். ரிப்பனை வெட்டினார்கள், டிவியில் அந்தக் கடைசி இரண்டு எபிசோடைப் போட்டார்கள். ஒவ்வொரு எபிசோடுக்கு முன்னாலும் வரவேற்புரை வரும்படி ஏற்பாடு செய்திருந்ததால் முதலில் நிர்வாகி வந்து வணக்கம் சொன்னார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "அணைச்சிடும்மா" என்றார். ரிமோட்டைக் கேட்டேன். கணக்கர் கொடுக்கவில்லை. வருஷச் சந்தா ஓடாமல் நின்றால் மதிப்பு குறையுமாம். அது ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது எபிசோடு முடிகிற நேரத்தில் அப்பாவின் கை என் கையிலிருந்து நழுவியது. திரையில் அந்தப் பெண் யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கடைசி வரை கண்ணைத் திறக்கவே இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் கடைக்குப் போக ஆரம்பித்த பிறகு நர்ஸ் போன் செய்தாள். "உங்களை மாடிக்கு வரச் சொல்றாங்கக்கா. ஆண்டுப் படுக்கை எப்படி ரெண்டு எபிசோடுக்குள்ள முடிஞ்சதுன்னு விளக்கம் கேக்கறாங்க."

"அவங்க இப்ப என்ன பண்றாங்க?"

"அடுத்த வருஷத்துக்கு ஒப்பீடு. ஊதான்னு ஒண்ணு. மலை மேல ஒரு ஹோட்டல், தங்கறவங்க ஒவ்வொருத்தராக் காணாமப் போறாங்களாம். மாடியில மூணு பேரும் சாப்பிடக்கூட வெளிய வர்றதில்லை."

அன்றைக்கே அந்த ஊதா எது என்று தேடிப் பிடித்து ஒரு மாதச் சந்தா கட்டினேன். எதையும் ஒப்பிடவில்லை. அந்த ஹோட்டல் தொடரைத் தனியாக உட்கார்ந்து, அப்பாவின் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கடைசி எபிசோடு வரை பார்த்தேன். நல்ல தொடர்தான். அப்பாவுக்குப் பிடித்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் "உஷ்" என்றார்கள். கும்மிருட்டு, கடலை வாசனை, கம்பளிச் சாக்ஸ் எல்லாம் அப்படியே இருந்தன.

"இன்னும் மூணே எபிசோடுதான்" என்றார் நிர்வாகி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதை முடிச்சுட்டு உங்க விஷயத்தை எடுத்துக்கறோம்."

"கொஞ்சம் விளக்கைப் போடுங்க சார். எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

வேண்டாவெறுப்பாக நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். கணக்கர் கால்குலேட்டரை எடுத்தார். "உங்கப்பா வருஷம் முழுக்கப் பாக்கறதா எழுத்து மூலம் ஒப்புக்கிட்டவர். அத்தனை மணி நேரமும் பாக்கி நிக்குது. குழுவோட கணக்குக்கே களங்கம். இதை எப்படி ஈடுகட்டப் போறீங்க?"

"ஈடுகட்டத்தான் வந்திருக்கேன்" என்றேன். "லிஃப்ட் ஓட்டற கிழவர்தான் சார். அந்த ஹோட்டல்ல யாரும் காணாமப் போகலை. எல்லாரும் அடித்தளத்துல தண்ணித் தொட்டியில கிடக்கறாங்க. அந்த மேனேஜர் பொண்ணும் கடைசியில அதுலதான்."

கணக்கரின் விரல் கால்குலேட்டரின் மேலேயே நின்றுவிட்டது. நடுநிலை உறுப்பினர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். எல்லாம் காதில் விழுந்த பிறகு பொத்தி என்ன பிரயோஜனம்? நிர்வாகி மட்டும் அசையவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கிழவரா?" என்றார்.

"ஆமா சார். மீதி மூணு எபிசோடையும் பாருங்க. தாவாமப் பாருங்க."

விளக்கை நானே அணைத்துவிட்டு வந்தேன்.